நாக்களவு

அனுமந்தைக்கும் மரக்காணத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்துத் திரும்பும் மண் பாதையின் முடிவில், ஒரு காலத்தில் இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை இருந்தது. வைரஸ் வந்து குஞ்சுகள் செத்தன. வங்கிக்காரர்கள் வந்து மோட்டார்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மிஞ்சிய நீளக் கொட்டகைக்கு மேலே தென்னங்கீற்று வேய்ந்து, சிமென்ட் தொட்டிகளில் தாமரை விட்டு, வாசலில் 'அமிர்தவாசி யோக குருகுலம்' என்று பலகை மாட்டியவர் ஆச்சார்ய தட்சண். மழை பெய்தால் சுவரோரம் இன்னமும் இறால் தீனி நாறும். அதற்குப் 'பூமியின் வாசனை' என்று விளக்கம் சொல்லப்பட்டது. வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடி அதை ஆழமாக இழுத்துக்கொண்டார்கள்.

ஆச்சார்யாவின் பள்ளிச் சான்றிதழில் தட்சணாமூர்த்தி என்றுதான் இருக்கும். திண்டிவனத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்றவர். உலகத்துத் தண்ணீரெல்லாம் அசுத்தம் என்று ஜனங்களை நம்பவைத்த அனுபவம், அவர்களுடைய உடம்பெல்லாம் அசுத்தம் என்று நம்பவைக்கவும் கைகொடுத்தது.

குருகுலத்தில் வருஷத்துக்கு நான்கு தடவை யோகா ஆசிரியர் பயிற்சி. ஒரு மாதம், இருநூறு மணி நேரம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கடல் தாண்டியும் ஆட்கள் வருவார்கள். இந்தச் சித்திரையில் ஆச்சார்யாவுக்குப் புதிதாக ஒரு ஞானம் உதித்தது: உள்ளூர்ப் பிள்ளை ஒன்றுக்கு இலவச இடம். திட்டத்தின் பெயர் 'உள்ளூர் ஒளி'. அந்த ஒளியாகத் தேர்வானவள் மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் சவரிமுத்துவின் மகள் சகாயசெல்வி. இருபத்துமூன்று வயது. பி.காம். முடித்துவிட்டு இரண்டு கோடையாக அப்பாவோடு பாத்தியில் உப்பு வாருகிறாள். சேர்வதற்கு முன்பே அவளை உப்புக் குவியல் முன்னால் ஒற்றைக் காலில் நிற்கவைத்துப் படம் பிடித்து விளம்பரத்தில் போட்டார்கள். பின்னால் தலையில் கூடையோடு போன மூன்று பெண்கள் அழகுக்கு இடைஞ்சலாக இருந்ததால் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்கள். அதில் ஒருத்தி அவளுடைய அம்மா.

அம்மா அந்தோணியம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. இருபத்தைந்து வருஷமாக வெயிலையும் வெயிலில் மின்னும் உப்பையும் பார்த்த கண். எதிரே வருகிற ஆளை இப்போதெல்லாம் நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள். உப்பளத்துப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு எந்தப் பக்கம் போவது என்பதை அவர் எழுதித் தரவில்லை.

மகள் குருகுலத்துக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம், வாசலில் உட்கார்ந்து மீன் அலசிக்கொண்டே கேட்டாள்:

"ஓம் சொல்லச் சொல்வாங்களாமே. கோயில்ல ஃபாதர் கேட்டா இன்னாடி சொல்றது?"

"சும்மா ஒதட்ட அசைச்சா போதும்மா."

"இந்தாயா, கேட்டியா? ஒம் பொண்ணு ஓம் சொல்லப் போவுது."

சவரிமுத்து கணுக்காலில் உப்புக் கீறலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "ஓமு, ஆமெனு, ரெண்டும் மூக்காலதான் முடியுது. மீன கழுவு."

"பேச்சப் பாரு. ஏண்டி, படிச்சி முடிச்சா நெசமாவே வேல குடுப்பாங்களா?"

"எழுதியே குடுத்திருக்காங்கம்மா. மூணு ஸ்கூல்ல யோகா டீச்சர் கேட்டிருக்காங்களாம். சர்ட்டிபிகேட் கைல இருந்தா ஜூன்லயே சேந்துரலாம்."

"உக்காந்து செய்யற வேலையா?"

"உக்காந்து, நின்னு, படுத்து. எல்லாமே செய்யற வேல."

"படுக்கறதுக்குச் சம்பளமா! ஏன்யா, நானும் வர்றேன்னு சொல்லேன். வெளக்கு வெச்சா அதத்தான செய்யறேன்."

சவரிமுத்து சிரிக்கவில்லை. எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு மகளிடம் சொன்னார்: "பாப்பா, இனிமே நீ வரப்புல கால வெக்கக் கூடாது. ஒங்கம்மா கண்ணு ஒனக்கு வரக்கூடாது. எனக்கு அவ்ளோதான் வேணும். ஓமோ ஆமெனோ, சொல்லிட்டு வா."

முதல் நாள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். இருபத்திரண்டு பேர். ஏன் இந்தப் பயிற்சிக்கு வந்தீர்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்த பிரியதர்ஷினி, தன்னைத் தேடி வந்ததாகச் சொன்னாள். பிரான்ஸிலிருந்து வந்த கிளேர் என்ற அம்மையாரும் தன்னைத்தான் தேடி வந்திருந்தார். கோயம்புத்தூர் மில்காரர் மகன் ஒருவன் உள்ளே இருக்கும் குழந்தையைத் தேடுவதாகச் சொல்லிக் கொஞ்சம் அழுதான். இத்தனை பேர் தொலைந்துபோயிருக்கிறார்கள் என்று அதுவரை சகாயசெல்விக்குத் தெரியாது. அவள் முறை வந்தபோது, "வேலைக்குங்க" என்றாள். யாரும் குறிப்பு எடுக்கவில்லை.

குந்தி உட்காரும் ஆசனம் வந்தபோது மற்றவர்கள் பின்பக்கமாக உருண்டார்கள். அவள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். "பாருங்கள், இந்த மண்ணின் ஞானம் இந்தப் பெண்ணின் இடுப்பில் இருக்கிறது" என்றார் ஆச்சார்யா. இருபத்தொரு பேரும் அவள் இடுப்பைப் பார்த்தார்கள். வரப்பில் ஈரம் இருந்தால் அப்படித்தான் கஞ்சி குடிக்க முடியும் என்பதை அவள் சொல்லவில்லை. ஆனால் முதுகைப் பின்னால் வளைக்கச் சொன்னபோது மண்ணின் ஞானம் பாதியில் நின்றுவிட்டது. இரண்டு கோடையாக உப்பு வாரும் பலகை பிடித்து முன்னால் வளைந்த முதுகு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் தனியாக நின்று வளைத்துப் பழகினாள். நான்காம் நாள் தலைக்குப் பின்னால் இருந்த ஜன்னல் தலைகீழாகத் தெரிந்தது. அதைப் போனில் சொன்னாள்.

"ஜன்னல் தலைகீழாத் தெரியறதுக்கா ஸ்கூல்ல வேல குடுக்கறாங்க?" என்றாள் அந்தோணியம்மாள்.

சாப்பாட்டைப் பற்றி மட்டும் வீட்டில் சொல்லவில்லை. குருகுலத்துச் சமையலில் உப்பே கிடையாது. கூட்டு, ரசம், கஞ்சி எல்லாம் வெந்நீர் மாதிரி இறங்கின. மற்றவர்கள் "மைல்டாக இருக்கிறது" என்று இரண்டாம் தடவை வாங்கினார்கள். சமையல்காரம்மா தினம் அளந்துதான் உப்புப் போடுகிறாள் என்பதைச் சகாயசெல்வி கண்ணால் பார்த்தாள். பார்த்தும் நம்பவில்லை.

ஐந்தாம் நாள் மாலை ஆச்சார்யா அவளை அழைத்தார். மறுநாள் மூக்கைக் கழுவும் பயிற்சி. குழாய் வைத்த கிண்டிச் சொம்பில் இளஞ்சூடான உப்புத் தண்ணீர் எடுத்து ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் எடுக்க வேண்டும். இதற்கென்று குருகுலத்தில் வாங்கிவைத்திருந்த இமயமலை உப்பை இந்த முறை ஒதுக்கிவிட்டார்.

"உள்ளூர் ஒளிக்கு உள்ளூர் உப்பு. உன் தகப்பனார் விளைவித்தது. எப்படி?"

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டாள்.

மரக்காணத்து உப்பளத்தில் சவரிமுத்துவின் நாக்குக்கு ஒரு பேர் உண்டு. கடைசிப் பாத்தியில் தண்ணீர் இறுகியதா என்று பார்க்கக் கண்ணாடிக் குழாய் இருக்கிறது. குத்தகைதாரர் அரசப்பன் அதைக் கொட்டகை ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார். அதிகாரி வரும்போது மட்டும் இறக்குவார். மற்ற நாளில் சவரிமுத்துதான். விரலை விட்டு நாக்கில் வைத்து, "இன்னும் ரெண்டு வெயில் காயணும்" என்பார். இரண்டு வெயில்தான் ஆகும். முப்பது வருஷம் கெட்டித் தண்ணீர் பார்த்துப் பழகிய நாக்கு. அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் அது குடிதண்ணீர் என்றே எடுத்துக்கொள்ளும். அந்தோணியம்மாள் குழம்பு வைப்பதும் அந்த நாக்குக்குத்தான். அந்தக் குழம்பில் வளர்ந்தவள்தான் சகாயசெல்வி. வீட்டுக்கு விருந்தாளி யாராவது வந்தால் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். வெயிலுக்குக் குடிக்கிறார்கள் என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சவரிமுத்து அன்று பாத்தியின் மேலாக மிதந்த வெள்ளை உப்பை மட்டும் கையால் அள்ளி, உப்பு கரையாமல் தெளிந்த கெட்டித் தண்ணீரில் அலசி, புதுத் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு சைக்கிளில் வந்தார். காவலாளி உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று கொடுத்தார்.

"பல்லு மாரி பொறுக்கியிருக்கேன் பாப்பா. ஒரு தூசி இருக்காது."

விடியலில் பெரிய அண்டாவில் தண்ணீர் சுட்டதும் சகாயசெல்வி ஆச்சார்யாவிடம் போனாள்.

"எவ்ளோ போடணும் ஆச்சார்யா? ஸ்பூன் அளவு ஏதாவது இருக்குங்களா?"

சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஆச்சார்யாவுக்குக் கூட்டம் இருந்தால் குரல் இறங்கிவிடும். "ஸ்பூன் என்பது மேல்நாட்டுப் புத்தி. நீ உப்பின் மகள். உன் நாக்கு சொல்லும்" என்றார். பிரியதர்ஷினி அதைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சகாயசெல்வி ஒரு கை போட்டாள். கலக்கி நாக்கில் வைத்தாள். தண்ணீர். இன்னொரு கை. தண்ணீர். மூன்று, நான்கு. லேசாகக் கரித்ததும் நிறுத்தினாள். மூக்குக்குப் போவதாயிற்றே என்று, அப்பா சொல்லக்கூடிய அளவைவிட ரொம்பக் குறைத்துத்தான் வைத்தாள்.

ஆச்சார்யா முன்னால் உட்கார்ந்து செய்து காட்டினார். அவருடைய செம்புக் கிண்டியில் இருந்தது, மேனேஜர் வினோதினி ஆபீஸ் ரூமில் ஸ்பூனால் அளந்து கலந்த தண்ணீர். ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் ஓடையாக வழியவிட்டு, முகத்தில் சலனமே இல்லாமல் புன்னகை செய்தார். "இப்போது நீங்கள்."

இருபத்தொரு பேர் தலையைச் சாய்த்தார்கள். அடுத்த கணம் கொட்டகையில் எழுந்த சத்தம் இறால் பண்ணைக் காலத்திலும் கேட்டிருக்காது. "அய்யோ அம்மா!" என்று பிரியதர்ஷினி தாமரைத் தொட்டியில் தலையை முக்கினாள். மில்காரர் மகனுக்கு உள்ளே இருந்த குழந்தை வெளியே வந்துவிட்டது. கிளேர் அம்மையார் தன் பாஷையில் ஏதோ சொன்னார், மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கார் வைத்துப் புதுச்சேரிக்கு அழைத்துப்போனார்கள். சகாயசெல்வி கடைசியில் உட்கார்ந்து தன் கிண்டியைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொஞ்சம் எரிந்தது. மூக்கைக் கழுவினால் இவ்வளவு எரியும் போலிருக்கிறது என்று பொறுத்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் கிளேர் அம்மையார் திரும்பி வந்தார், மூக்கில் பஞ்சோடும் வாயில் வக்கீல் பேச்சோடும். எட்டாம் நாள் சவரிமுத்துவை வரச் சொன்னார்கள். இந்தத் தடவை காவலாளி கேட்டைத் திறந்துவிட்டான்.

எல்லா மாணவர்களும் கொட்டகையில் உட்கார்ந்திருக்க, சவரிமுத்து நடுவில் நின்றார். வெள்ளைச் சட்டை, கோயிலுக்குப் போடுவது. செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். சகாயசெல்வி அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்க உப்புல ஏதோ கலந்திருக்குங்க" என்றாள் வினோதினி. "அதனாலதான் எல்லாருக்கும் இப்படி ஆயிருக்கு."

"எங்க உப்புலயா? இல்லீங்கம்மா. கைல பொறுக்குனது."

சகாயசெல்வி சொன்னாள்: "உப்புல ஒண்ணும் இல்ல மேடம். அளவுதான் தப்பு. நான்தான் கலந்தேன். ஸ்பூன் கேட்டேன். ஆச்சார்யாதான் நாக்கு சொல்லும்னாரு."

ஆச்சார்யா கண்ணைத் திறந்தார். "நான் சொன்னது பண்பட்ட நாக்கை."

"அன்னிக்கி எந்த நாக்குன்னு சொல்லலியே."

கொட்டகையில் யாரோ இருமினார்கள். பிரியதர்ஷினி தன் சின்ன நோட்டைப் பையில் வைத்தாள்.

சவரிமுத்துவுக்கு மகள் எதிர்த்துப் பேசியதுதான் பயமாக இருந்தது. முந்திக்கொண்டார். "பாப்பா, நீ இரு. சார், அந்தத் தண்ணி இன்னும் இருக்குதுங்களா?"

அண்டாவில் மூடிவைத்திருந்தார்கள், வக்கீலுக்குக் காட்ட. சவரிமுத்து கிண்டியில் மொண்டார். பயிற்சி எதுவும் இல்லாமல், பார்த்த அளவில் தலையைச் சாய்த்து ஊற்றினார். தண்ணீர் மறு மூக்கில் வந்தது. கண் கலங்கவில்லை. தும்மல் இல்லை. கிண்டி காலியானது. இன்னொன்று மொண்டு ஊற்றினார். அதுவும் வந்தது. மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ஜெயித்தவர் மாதிரி மகளைப் பார்த்தார்.

"பாருங்க சார். உப்பே பத்தல. பச்சத் தண்ணி மாரி இருக்குது."

சகாயசெல்வி தரையைப் பார்த்தாள்.

கிளேர் அம்மையாரின் முகத்தில்தான் முதலில் வந்தது, அருவருப்பா இரக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. ஆச்சார்யா நிதானமாக மாணவர்கள் பக்கம் திரும்பினார். "உணர்வு மரத்துப்போன உடம்பு எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்தீர்கள். இதைப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்." இரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள்.

ஆபீஸ் ரூமில் வினோதினி ஒரு தாளை நீட்டினாள். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா பிரச்சினை முடிஞ்சிரும். பொண்ணு பாட்டுக்குப் படிப்பை முடிக்கலாம். இல்லன்னா நாங்க அவங்களை அனுப்பித்தான் ஆகணும். அந்த மேடம் கேஸ் போட்டா யாரையாவது காட்டணுமில்ல?"

"இன்னா எழுதியிருக்குது பாப்பா? கண்ணாடி எடுத்துகினு வரல."

சகாயசெல்வி படித்தாள். குரல் வகுப்பில் பாடம் படிப்பது போல இருந்தது. "நான் கொடுத்த உப்பு கசடு கலந்தது. மனிதர்கள் பயன்படுத்தத் தகுந்தது இல்லை. இது தெரிந்தே குருகுலத்துக்குக் கொடுத்தேன். இப்படிக்கு, சவரிமுத்து, உப்பளத் தொழிலாளி, மரக்காணம்."

சவரிமுத்து தாள் பக்கம் குனிந்தார்.

"கசடுன்னா?"

"அழுக்குப்பா."

"பல்லு மாரி பொறுக்குனேனே."

"வாணாம்பா. போட வாணாம். வா, போலாம். நான் பாத்திக்கே வர்றேன்."

அந்த வார்த்தைதான் கெடுத்தது. சவரிமுத்து பேனாவை வாங்கிக்கொண்டார்.

"அப்பா, அரசப்பன் காதுக்குப் போச்சுன்னா இன்னா ஆவும் தெரியுமா?"

"அந்தாளு காது மந்தம். நீ சும்மா இரு." மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் பழகிய குண்டுக் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, புள்ளிகளைக் கடைசியில் வைத்தார். வைத்துவிட்டுச் சரிபார்த்தார். பிறகு மகளிடம் மெதுவாகச் சொன்னார்: "போட்டாச்சு. இனிமே நீ கோவத்துல எந்திரிச்சி வந்தின்னா, அப்பா போட்டது வீணாப்பூடும். புரியுதா?"

வினோதினி தாளை வாங்கிக்கொண்டாள். சவரிமுத்து கிளம்பாமல் நின்றார்.

"இன்னும் என்னங்க?"

"துண்டுல மிச்ச உப்பு இருக்குமே. நீங்க கொட்டத்தான போறீங்க. குடுத்தீங்கன்னா வூட்டுல கொழம்புக்கு ஆவும்."

தாள் அன்று சாயங்காலமே பயிற்சி மாணவர்களின் வாட்ஸப் குரூப்பில் ஏறியது, 'வெளிப்படைத் தன்மைக்காக' என்ற குறிப்போடு. அங்கிருந்து சென்னை உப்பு வியாபாரி ஒருவரின் போனுக்குப் போக ஒரு ராத்திரி போதுமானதாக இருந்தது.

காலையில் அரசப்பன் வரப்பு மேல் பைக்கிலேயே வந்துவிட்டார். சவரிமுத்து பாத்தியில் முழங்கால் வரை மடித்துக் கட்டிப் பலகையோடு நின்றிருந்தார்.

"ஏம்பா சவரி. என் உப்ப மனுசன் திங்க மாட்டான்னு எழுதிக் குடுத்திருக்கியாமே."

"பொண்ணு படிப்புக்குங்க முதலாளி. சும்மா ஒரு கையெழுத்து."

"சும்மாவா? ரெண்டு லாரி லோடு வேணாம்னுட்டான் அந்தாளு. ஒன் நாக்க நம்பி அந்தக் கொழாயக்கூட நான் இறக்கினதில்லடா. இப்ப அந்த நாக்கே எழுதிக் குடுத்திருக்குதுன்னு சொல்றான், நான் இன்னா பதில் சொல்ல?"

"தெரியலீங்க."

"தெரியாதுதான். பலகய வெச்சிட்டுப் போ. வியாபாரி வந்து பாக்கறப்ப நீ இங்க இருக்கக் கூடாது."

"எத்தினி நாளைக்குங்க?"

அரசப்பன் பைக்கை உதைத்தார். பக்கத்துப் பாத்தியில் கூடை தூக்கிக்கொண்டிருந்த அந்தோணியம்மாளுக்கு, வரப்பில் நடந்து போகிறவரின் நடை யாருடையது என்று தெரிந்தது. இந்த நேரத்தில் அந்த நடை ஏன் ஊரைப் பார்த்துப் போகிறது என்பதுதான் தெரியவில்லை. கூடையை இறக்கினால் மேஸ்திரி கத்துவான். இறக்காமலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குருகுலத்தில் அன்றைய பாடம் சத்யம். யோகத்தின் முதல் படி என்று ஆச்சார்யா பலகையில் எழுதினார். பிரியதர்ஷினி எழுந்து, ஒவ்வொருவருக்கும் தன் தன் உண்மை உண்டு என்று கால் மணி நேரம் பேசினாள். எல்லாரும் கை தட்டாமல், கும்பிட்டுப் பாராட்டினார்கள்.

மாலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் போன் தருவார்கள். சகாயசெல்வி சவுக்குத் தோப்பு ஓரம் போய் நின்று குரூப்பைத் திறந்தாள். அப்பாவின் குண்டுக் கையெழுத்து. கீழே பதினாறு பேர் கை கூப்பியிருந்தார்கள். வீட்டுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார் சவரிமுத்து.

"அப்பா, எங்க இருக்க?"

"வூட்லதான்."

"இந்நேரத்துக்கா? லோடு ஏத்தற நாளாச்சே."

"லீவு வுட்டுட்டாங்க பாப்பா."

"சித்திரை மாசத்துல உப்பளத்துக்கு லீவா?"

அந்தப் பக்கம் அம்மா ஏதோ சொல்ல வந்து, யாரோ அவள் வாயைப் பொத்தியது போலச் சத்தம் நின்றது.

"ஆமா. முதலாளி வூட்ல விசேசம். ஒரு வாரம் ஆவும்." சவரிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "அத்த வுடு. ஒனக்கு இன்னிக்கி இன்னா சொல்லிக் குடுத்தாங்க?"

கொட்டகையிலிருந்து, போனைத் திருப்பித் தரச் சொல்லி வினோதினி மணியடித்தாள்.

"மூச்சு வுடறதுக்குப்பா."

"அதுக்கே ஒரு நாளா?"

"ஒரு மாசம்."

"செரி. நல்லாக் கத்துக்க. பாதில மட்டும் எந்திரிச்சி வந்துராத."

வினோதினி நீட்டிய பிரப்பங்கூடையில் போனைப் போட்டுவிட்டு, அவள் உள்ளே போய்த் தன் பாயில் உட்கார்ந்தாள்.